கருவிப் பெட்டியைப் பூட்டத்தான் வேண்டுமா?
முதுமையில் வீட்டுப் பட்டறை: நோயாளிகளுக்கும் குடும்பத்தினருக்கும் சில குறிப்புகள்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில் மருந்துச் சீட்டு, உணவு முறை, அடுத்த வருகைக்கான தேதி ஆகியவற்றைப் பற்றிய ஐயங்கள் தீர்ந்த பிறகு, குடும்பத்தினர் சிலர் எங்களைத் தனியே அழைத்து இன்னொரு கேள்வியைக் கேட்பதுண்டு. “அப்பா வீட்டில் ரம்பம், உளி, டிரில்லிங் மிஷின் எல்லாம் வைத்திருக்கிறார். அவற்றை எடுத்து ஒளித்துவிடலாமா?” என்பது அந்தக் கேள்வி. நோயாளியும் தனியே கேட்பார்: “நான் மறுபடியும் என் வேலையைத் தொடலாமா, டாக்டர்?”

இரண்டு கேள்விகளுமே நியாயமானவை. முதலாவது அச்சத்திலிருந்து எழுகிறது; இரண்டாவது, வாழ்க்கையில் இன்னும் என்ன மிஞ்சியிருக்கிறது என்னும் கவலையிலிருந்து எழுகிறது. பணி ஓய்வுக்குப் பின் மொட்டை மாடியிலோ கொல்லைப்புறத்திலோ ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு நாற்காலிக்குக் கால் பொருத்துவது, பழுதான மின்விசிறியைச் சீர்செய்வது, பேரக்குழந்தைக்கு நடைவண்டி செய்வது எனப் பொழுதைக் கழித்தவருக்கு, கருவிப் பெட்டி பூட்டப்படுவது சிறிய இழப்பன்று. பட்டறை என்றவுடன் ஆண்களை மட்டும் எண்ண வேண்டியதில்லை. தையல் எந்திரமும் மரப் பொம்மைக்கு வண்ணம் தீட்டும் மேசையும் பட்டறைகளே.

எங்கள் பதில் பெரும்பாலும் இதுதான்: பூட்ட வேண்டாம், மாற்றி அமையுங்கள். எதை, எப்படி மாற்ற வேண்டும் என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

கைவேலையும் மருத்துவமும்

கைவேலைக்கும் மருத்துவத்துக்கும் உள்ள உறவு புதியதன்று. 1917 மார்ச்சில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலுள்ள கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூரில் ஆறு பேர் கூடி, ‘ஆக்குபேஷனல் தெரபி’ என்னும் துறைக்கான முதல் தேசியச் சங்கத்தைத் தொடங்கினர். கூட்டம் நடந்த வீட்டுக்கு உரியவரான ஜார்ஜ் எட்வர்ட் பார்ட்டன் மருத்துவர் அல்லர், கட்டடக் கலைஞர். காசநோயாலும் உடலின் இடப்பக்கச் செயலிழப்பாலும் அல்லலுற்ற அவர், தச்சு வேலையாலும் தோட்ட வேலையாலும் தம்மைத் தாமே மீட்டெடுக்க முயன்றவர். இன்று எங்கள் மறுவாழ்வுப் பிரிவில் பணியாற்றும் செயல்முறைச் சிகிச்சையாளர்களின் துறை அப்படித்தான் உருவெடுத்தது.

நம் மண்ணிலும் ஒரு சான்று உண்டு. டாக்டர் பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். மருத்துவம் பயில்வதற்கு முன் இங்கிலாந்தில் கட்டட வேலையும் தச்சும் கற்றவர். 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். விரல் நிமிர்ந்தும் பிழைப்புக்கு வழியில்லை என்று நோயாளிகள் வருந்தவே, 1950-களின் தொடக்கத்தில் உருவான ‘நவஜீவ நிலையம்’ என்னும் மறுவாழ்வு மையத்தில் அவர்கள் கைத்தொழில் கற்றனர்; மரப் பொம்மைகள் செய்தனர்.

பிராண்ட் கண்டறிந்த உண்மை நம்மில் பலருக்கு இன்றும் பயன்படக்கூடியது. தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. வலி உணர்வு இல்லாத காரணத்தால், கருவியை அளவுக்கு மீறி அழுத்திப் பிடித்தும், பட்ட காயத்தை அறியாமல் தொடர்ந்து வேலை செய்துமே அவை சிதைகின்றன என்பதை அவர் விளக்கினார். நீண்ட நாள் நீரிழிவால் கை கால்களில் மரத்துப்போன உணர்வு உள்ளவர்களுக்கும் இதே அபாயம் உண்டு. வேலையைக் கைவிடுவதைக் காட்டிலும், வலி செய்ய வேண்டிய காவலைக் கண்ணால் செய்யப் பழகுவதே இதற்குத் தீர்வு.

பொழுதுபோக்கினால் உண்மையிலேயே பயன் உண்டா என்று கேட்போருக்கு ஓர் ஆய்வைக் குறிப்பிடலாம். 16 நாடுகளைச் சேர்ந்த, 65 வயதும் அதற்கு மேலும் உள்ள 93,000-க்கும் மேற்பட்டோரின் தகவல்களைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2023-இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வெளிவந்தது. பொழுதுபோக்கு உள்ளவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் குறைவாகவும், மகிழ்ச்சியும் வாழ்வு குறித்த நிறைவும் கூடுதலாகவும் காணப்பட்டன. அந்த 16 நாடுகளில் இந்தியா இல்லை. மேலும், இது தொடர்பைக் காட்டும் ஆய்வே தவிர, பொழுதுபோக்கு நோயைத் தீர்க்கும் என்று நிறுவும் ஆய்வன்று. மாத்திரைக்கு மாற்றாகப் பட்டறையை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. மாத்திரையை உட்கொண்டு எழுந்து நடமாடுபவருக்கு, நாளைக் காலை செய்வதற்கென்று ஒரு வேலை காத்திருப்பது நல்லது என்பதே எங்கள் கருத்து.

உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற மாற்றங்கள்

இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோர்: வார்ஃபரின், அபிக்ஸாபான், குளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் போன்ற மருந்துகளை உட்கொள்வோருக்குச் சிறு வெட்டும் நெடுநேரம் கசியும். பட்டறையில் வேலை இருக்கிறது என்பதற்காக இம்மருந்துகளை ஒரு நாள்கூட நீங்களாக நிறுத்தக் கூடாது. இதயக் குழாயில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர் மருந்தை நிறுத்தினால் ஸ்டென்டிலேயே இரத்தம் உறைந்து மாரடைப்பு ஏற்படலாம். மருந்துக்குப் பதிலாகக் கருவியை மாற்றுங்கள். வட்ட ரம்பம், கிரைண்டர் போன்ற வேகமாகச் சுழலும் எந்திரங்களை விலக்கி, கை ரம்பம், அரம், உப்புத்தாள் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பலகைகளை வேண்டிய அளவுக்கு மரக்கடையிலேயே அறுத்து வாங்கிவிட்டால் அபாயமான பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டோர்: பைபாஸ் அறுவையின்போது பிளக்கப்பட்ட நெஞ்செலும்பு கூடுவதற்கு ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மாதங்கள் ஆகும். அதுவரை ரம்பத்தை இழுத்துத் தள்ளுவதும், இழைப்புளி தள்ளுவதும், கனமான பலகையைத் தூக்குவதும் கூடாது. வரைபடம் போடுவது, அளவு குறிப்பது, திருகாணிகளைத் தரம் பிரிப்பது ஆகியவற்றை அந்தக் காலத்துக்கென ஒதுக்கிக்கொள்ளலாம். பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டவர்கள் மின்கருவிகளை மார்பிலிருந்து குறைந்தது ஓரடி தள்ளி வைத்தே இயக்க வேண்டும். இதய மருத்துவரிடம் கேளாமல் மின்வெல்டிங் செய்யவே கூடாது.

நீரிழிவு உள்ளோர்: இன்சுலின் போட்டுக்கொள்வோரும், சர்க்கரையைத் தாழ்த்தக்கூடிய மாத்திரை உட்கொள்வோரும் வெறும் வயிற்றில் கருவியைத் தொட வேண்டாம். வேலையில் ஆழ்ந்து உணவு நேரத்தை மறப்பது இவர்களுக்கு ஆபத்து. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு தோன்றினால் கருவியைக் கீழே வைத்துவிட்டு, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கலந்து பருகி, 15 நிமிடம் கழித்து இரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். தரையில் அமர்ந்து பலகையைக் கால் விரல்களால் பற்றிக்கொண்டு வேலை செய்வது நம்மவர்களின் பழக்கம். பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் அதைக் கைவிட்டு, முன்புறம் மூடிய கெட்டியான காலணி அணிந்து மேசையில் வேலை செய்ய வேண்டும். இரவு படுக்கும் முன் உள்ளங்கையையும் உள்ளங்காலையும் விளக்கொளியில் பார்ப்பது கட்டாயம். சிராய்த்தூள் ஏறியிருப்பது வலிக்காமலே போகக்கூடும்.

பக்கவாதத்திலிருந்து தேறுவோர்: சாய்வுப் பலகையின்மீது இரு கைகளாலும் உப்புத்தாள் கட்டையைத் தள்ளித் தேய்ப்பது, தோளுக்கும் முழங்கைக்கும் மறுவாழ்வுப் பிரிவுகளில் அளிக்கப்படும் பயிற்சிகளுள் ஒன்று. வீட்டில் அதையே ஒரு மணைப்பலகையைத் தேய்த்து வழவழப்பாக்கும் வேலையாகச் செய்யலாம். ஒரு கை பலவீனமாயிருந்தால் பலகையை அந்தக் கையால் பிடிக்க முயலாதீர்கள். பெஞ்ச் வைஸும் சி-கிளாம்பும் தளராத இன்னொரு கையாக உதவும். வலிப்பு வந்த வரலாறு உள்ளவர்கள் மின்கருவிகளை இயக்க வேண்டாம். தனியாகவும் வேலை செய்ய வேண்டாம்.

மூட்டுத் தேய்மானம் உள்ளோர்: மெலிந்த கைப்பிடியை இறுகப் பற்றுவதுதான் விரல் மூட்டுகளுக்கு அதிகச் சுமை. பழைய சைக்கிள் ட்யூபையோ ஸ்பாஞ்சையோ சுற்றிக் கைப்பிடியைப் பருமனாக்குங்கள். மேசையின் உயரம் நிற்கும்போது உங்கள் முழங்கை மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். அரை மணிக்கு ஒரு முறை கையை விரித்து ஓய்வு கொடுங்கள். முன்தினம் செய்த வேலையால் மறுநாள் காலை விரல்கள் வீங்கியிருந்தால் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள்.

மயக்கம் தரும் மருந்துகளை உட்கொள்வோர்: சளி மாத்திரை, தூக்க மாத்திரை, நரம்பு வலிக்குத் தரப்படும் காபாபென்டின், பிரிகாபலின் ஆகியவை கவனத்தை மழுக்கும். புராஸ்டேட் வீக்கத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தரப்படும் சில மருந்துகள், குனிந்து நிமிரும்போது தலைசுற்றலை உண்டாக்கும். புதிய மருந்து தொடங்கிய முதல் சில நாட்கள் பட்டறைக்கு விடுமுறை அளியுங்கள்.

நினைவாற்றல் குறைவோர்: எந்திரத்தை அணைக்க மறப்பது, ஒரே அளவைத் திரும்பத் திரும்பத் தவறாகக் குறிப்பது, காயம் எப்படிப் பட்டதென்று சொல்ல இயலாதிருப்பது ஆகியவை மின்கருவிகளை அகற்ற வேண்டிய காலம் வந்துவிட்டதன் அடையாளங்கள். இங்கே எங்கள் அறிவுரை உறுதியானது: மின்கருவியும் கூரிய கருவியும் போக வேண்டும். ஆனால் மேசை இருக்கட்டும். தேய்ப்பது, எண்ணெய் பூசுவது, ஆணிகளைப் பிரித்து டப்பாக்களில் இடுவது ஆகியவற்றை, அருகில் ஒருவர் இருக்க, இவர்கள் நெடுங்காலம் மனநிறைவோடு செய்ய முடியும்.

பட்டறை இருக்கும் இடம்

வெளிச்சம் முதன்மையானது. 60 வயதினரின் விழித்திரையை அடையும் ஒளி, 20 வயதினருக்குக் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே மகனுக்குப் போதுமான விளக்கு தந்தைக்குப் போதாது. மேசைக்கு நேரே, நிழல் விழாதவாறு தனி விளக்கு பொருத்துங்கள். சாதாரண மூக்குக்கண்ணாடி தெறிக்கும் ஆணியைத் தடுக்காது. பக்கவாட்டிலும் மூடிய பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடியை அதன்மேல் அணியுங்கள். கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள் கண் மருத்துவர் ஒப்புதல் தரும்வரை தூசி நிறைந்த வேலையை ஒத்திப்போட வேண்டும்.

மரத்தூளை எளிதாக எண்ண வேண்டாம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளைப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் 1995-இல் சேர்த்தது. பல ஆண்டுகள் தொழிலாகச் செய்வோரிடம் மூக்கிலும் அதைச் சூழ்ந்த எலும்பறைகளிலும் தோன்றும் புற்றுநோயைக் கருதியே அந்த முடிவு எடுக்கப்பட்டது. வாரத்தில் சில மணி நேரம் வேலை செய்பவருக்கு அபாயம் மிகக் குறைவு. எனினும் ஆஸ்துமாவோ நாட்பட்ட நுரையீரல் அடைப்போ உள்ளவருக்குத் தூசு அன்றைக்கே மூச்சிரைப்பைக் கொண்டுவரும். திறந்த வெளியில் தேயுங்கள். என்-95 முகக்கவசம் அணியுங்கள். துடைப்பத்தால் பெருக்கித் தூசியைக் கிளப்பாமல் ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். தேக்கு, ஈட்டி ஆகியவற்றின் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும். பழைய கதவு, சன்னல்களின் வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். குழந்தைகள் உள்ள வீட்டில் அதை உலர்ந்த நிலையில் சுரண்டாதீர்கள்.

மின்னிணைப்புக்கு முறையான எர்த் இருக்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்தப்பட்டிருக்க வேண்டும். சுழலும் எந்திரத்தின் அருகே தோளில் துண்டு, தொங்கும் வேட்டி நுனி, சேலை முந்தானை, கையுறை ஆகிய எதுவும் இருக்கலாகாது. கைக்கெட்டும் தொலைவில் நிற்பவரிடம் உரக்கப் பேச வேண்டியிருந்தால், அந்த எந்திரத்தின் ஓசை உங்கள் செவியைக் கெடுக்கும் அளவில் இருக்கிறது, காதடைப்பான் அணியுங்கள். ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவைத்தால் அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்து வெளியில் உலர்த்துங்கள். அல்லது நீரில் நனைத்து அப்புறப்படுத்துங்கள்.

எதில் தொடங்குவது?

நோய்க்குப் பின் முதல் வேலை சிறியதாகவும், முடியக்கூடியதாகவும், வீட்டில் எவருக்கேனும் தேவைப்படுவதாகவும் இருக்கட்டும். சாவி மாட்டும் பலகை, பூச்சட்டி வைக்கும் முக்காலி, சிட்டுக்குருவிக்கு ஒரு பெட்டி ஆகியவை நல்ல தொடக்கங்கள். கை தேறத் தேறப் பல்லாங்குழிப் பலகை செய்து பார்க்கலாம். பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். நாளுக்கு ஒரு குழி என்று வைத்துக்கொண்டாலும் இரண்டு வாரத்துக்கு வேலை இருக்கிறது. முடிந்த பின் பேத்தியோடு அமர்ந்து ஆடவும் செய்யலாம்.

காயம் பட்டால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் காயம் படக்கூடும். பின்வருவனவற்றை ஒரு தாளில் எழுதிப் பட்டறைச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

1. வெட்டுக் காயத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்துங்கள். பத்து நிமிடம் வரை துணியை எடுத்துப் பார்க்காதீர்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோர் 15 முதல் 20 நிமிடம் அழுத்த வேண்டும். அதன் பின்னும் நிற்காவிட்டாலும், இரத்தம் பீறிட்டாலும் உடனே 108-ஐ அழையுங்கள்.

2. காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதையும் காயத்தில் அப்பாதீர்கள்.

3. ஆழமாகக் குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்காதீர்கள். அதைச் சுற்றித் துணி வைத்து அசையாமல் மருத்துவமனைக்கு வாருங்கள்.

4. கண்ணில் ஏதேனும் பாய்ந்தால் கசக்கவோ கழுவவோ வேண்டாம். காகிதக் குவளையால் மூடிக்கொண்டு வாருங்கள். தின்னர் போன்ற நீர்மம் தெறித்தால் மட்டும் ஓடும் நீரில் 15 நிமிடத்துக்குக் குறையாமல் கழுவுங்கள்.

5. விரல் துண்டானால், துண்டான பகுதியை ஈரமான தூய துணியில் சுற்றி, நீர் புகாத பிளாஸ்டிக் பையில் இட்டு, அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைத்து, நோயாளியோடு உடனே கொண்டுவாருங்கள். பனிக்கட்டி நேரடியாக விரலில் படக் கூடாது.

6. கடைசியாக டெட்டனஸ் தடுப்பூசி போட்ட ஆண்டைத் தாளில் குறித்து வையுங்கள். பத்தாண்டுக்கு ஒரு முறை அதைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள்

பணி ஓய்வு பெற்ற ஒருவரை எண்ணிப் பார்ப்போம். வயது 68. நாற்பதாண்டு கருவி பிடித்த கை. மாரடைப்புக்குப் பின் வீடு திரும்பியவரிடம் மகள் சொல்கிறாள்: “அப்பா, இனி இதெல்லாம் உங்களுக்கு எதற்கு? பேசாமல் டி.வி. பாருங்கள்.” அதில் அன்பு இருக்கிறது. ஆனால் அவர் காதில் விழுவது, ‘இனி உங்களால் ஆவது ஒன்றுமில்லை’ என்பதாக இருக்கலாம். பூட்டிய அறையின் சாவியைத் தேடி, யாரும் இல்லாத நேரத்தில் இரகசியமாக ரம்பத்தை எடுப்பவர்தான் மிகுந்த அபாயத்துக்கு உள்ளாகிறார். மறைவாக வேலை செய்பவர், காயம் பட்டாலும் மறைப்பார்.

அதற்கு மாறாக அதே மகள், “அப்பா, மாத்திரை போட்டுக்கொண்டிருக்கும்வரை கிரைண்டர் மட்டும் வேண்டாம். மற்றதை நான் வீட்டில் இருக்கும்போது செய்யுங்கள். பலகையை நான் பிடித்துக்கொள்கிறேன்” என்று சொன்னால், அவர் இணங்குவதற்கு இடம் இருக்கிறது. எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்னும் முடிவில் அவருக்கும் பங்கு கொடுங்கள். கைபேசி அவர் சட்டைப் பையில் இருக்கட்டும். கதவு உட்புறம் தாழிடாமல் இருக்கட்டும். காலை உணவுக்குப் பின், களைப்பில்லாத வேளையில் வேலை நடக்கட்டும். முதலுதவித் தாளை வீட்டிலுள்ள எல்லோரும் ஒரு முறை படித்துவிடுங்கள்.

நோயாளிகளுக்கும் ஒரு சொல்: உங்களுக்காக அஞ்சுபவர்களிடம் சினம் கொள்ளாதீர்கள். எந்தக் கருவிகளை வைத்திருக்கிறீர்கள், எவற்றால் என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்று ஒரு பட்டியல் எழுதி, அடுத்த முறை வரும்போது மருந்துச் சீட்டோடு கொண்டுவாருங்கள். மருத்துவரோடும் மறுவாழ்வுப் பிரிவினரோடும் அமர்ந்து, இன்றைக்கு ஆகும் கருவிகள், மூன்று மாதம் பொறுக்க வேண்டியவை, வேறொருவர் கையில் கொடுக்க வேண்டியவை என மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். மூன்றாவது பகுதியில் இருப்பவற்றை யாருக்குக் கொடுப்பது, அவற்றைக் கையாள யார் கற்றுக்கொடுப்பது என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். கற்றுக்கொடுக்க உங்களைவிடத் தகுந்தவர் வீட்டில் வேறு யாரும் இருக்கப் போவதில்லை.